மூன்றாம் சுருளின் ஒன்பதாம் பை: ஒரு ஷெஃபீல்டு பேனாக்கத்திச் சேகரிப்பில் பரவிய துரு

பின்னணி

கத்திகளின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஆங்கிலேய நகரமான ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளி உலோகப் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறக்குறைய முப்பது வருடம் சந்தை சந்தையாக அலைந்து 137 மடக்குக்கத்திகள் சேர்த்திருந்தார். எல்லாமே ஷெஃபீல்டில் செய்தவை. பெரும்பாலானவை 1914-க்கு முந்தியவை.

நான் வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் குடியேறியவன், அவரைப் போலவே கத்தி சேர்ப்பவன். பழுது பார்ப்பது என் தொழில் அல்ல. அவருக்கு அறுவை சிகிச்சை ஆனபின் கத்திகளைப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லி அவர் மகள் அழைத்தார். அப்படித்தான் இதற்குள் வந்தேன்.

அவர் சேகரிப்பின் முதுகெலும்பு இரண்டு கம்பெனிகள். ஒன்று ஜோசப் ராட்ஜர்ஸ். எட்டு முனைச் சிலுவையும் நட்சத்திரமும் அதன் முத்திரை, 1682-இல் பெற்றது. மற்றது ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். அதன் முத்திரை ‘ஐ எக்ஸ் எல்’. ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னால் ‘நான் விஞ்சுகிறேன்’ என்று காதில் விழும், அதில் ஒரு சிலேடை. அமெரிக்கச் சந்தையை நம்பியே வளர்ந்த கம்பெனி என்பதால், தன் தொழிற்சாலைக்கே வாஷிங்டன் என்று பெயர் வைத்திருந்தது.

அலகின் அடிப்பகுதியில், பிடியின் முனையிலுள்ள உலோகப் பூணை ஒட்டி, நகத்தளவு இடத்தில் இந்த முத்திரைகள் இருக்கும். சேர்ப்பவனுக்கு கத்தியின் ஜாதகமே அதுதான். கிரீடத்தின் இரு பக்கமும் ‘வி ஆர்’ எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம். ‘இ ஆர்’ என்றால் 1901-க்கும் 1910-க்கும் இடையில் எட்வர்ட் காலம். ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது, ஏனென்றால் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதுதான் கட்டாயமாக்கியது. இந்த முத்திரைகளின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று. இவை கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி அதே ஷெஃபீல்டில் கண்டறிந்தது 1913-இல்தான். அதற்கு முந்தைய கத்தியில் ஈரக்கை பட்டாலே போதும், மறுநாள் தடம் தெரியும்.

கத்திகளை ஐந்து துணிச் சுருள்களில் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் மேல்வரிசையில் 14 பை, கீழ்வரிசையில் 14 பை. உள்ளே கம்பளித் துணி. சுருட்டி நாடா கட்டி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கியிருந்தார். அந்தப் பெட்டி பல வருடம் படிப்பறையில் இருந்தது. அவர் மருத்துவமனைக்குப் போனபோது, அறையைக் காலி செய்கிறேன் என்று வீட்டார் பெட்டியை மேல்மாடிப் பரணுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கழிந்தன. கற்பலகைக் கூரைக்கு நேர் அடியில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெட்டி திறந்த நாள்

நான் போவதற்கு நான்கு நாள் முன்பே பெட்டியைத் திறந்திருந்தார்கள். மூன்றாம் சுருளில் துரு. அதைப் பார்த்துப் பதறிய பேரன், பதினாறு வயது, தாத்தாவுக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று ஒரு கத்தியை எடுத்து, துளையிடும் இயந்திரத்தில் கம்பித் தூரிகையை மாட்டித் தேய்த்துவிட்டான். துரு போனது. சிலுவையும் நட்சத்திரமும் கூடவே போயின. அலகின் தோள் விளிம்பு மழுங்கிவிட்டது. ‘வி ஆர்’ இருந்த இடத்தில் ‘வி’-யின் ஒரு கால் மட்டும், அதுவும் தெரிந்து பார்ப்பவருக்கு மட்டும், தெரிந்தது.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கத்தியை வாங்கி, மடக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்ததைக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் சுருளில், பேரன் தேய்த்ததையும் சேர்த்து, பதினோரு கத்திகளில் துரு. அலகுகளில் செந்துரு, ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லாத செம்புக் கலவை) பூண்களில் பச்சைக் களிம்பு. மற்ற நான்கு சுருள்களும் சுத்தம். சுருளைப் பிரித்தபோது ஒரு வாடை அடித்தது, அதையும் எழுதி வைத்தேன்: “பழைய அலமாரி வாடை.” அந்த மூன்று சொல்லை இப்போது படித்தால் எனக்கே கோபம் வருகிறது.

முதல் முடிவு

ஈரம் என்று முடிவு செய்தோம். பரண், குளிர்காலம், கூரை. வேறென்ன இருக்க முடியும்? கூரையில் ஒழுகல் தடம் எதுவும் இல்லை. கம்பளித் துணியில் நீர்க்கறையும் இல்லை. இரண்டையும் பார்த்தோம், பார்த்தும் கடந்து போனோம். மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு வைக்கலாம் என்று மருமகன் சொன்னார். நானும் சரி என்றேன். மூன்றாம் சுருளை வைத்தபின் பெட்டியில் இடம் மிச்சமிருந்ததால் நான்காம் சுருளையும் அதிலேயே வைத்தோம். நல்லதை நல்லபடியாகப் பத்திரப்படுத்துகிறோம் என்ற நினைப்பு.

மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். துரு கூடியிருந்தது. அதைவிட மோசம், அதுவரை சுத்தமாக இருந்த நான்காம் சுருளில் இரண்டு கத்திகள் பழுப்பேறியிருந்தன. ஆனால் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டபோது இருந்த அதே ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. ஈரம் உறிஞ்சியிருந்தால் நிறம் மாறியிருக்கும். ஆக, உலர்ந்த பெட்டிக்குள் துரு வளர்ந்திருக்கிறது.

வாடை இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. கற்பூரம். கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு காரம். தினமும் கற்பூரம் காட்டும் வீட்டில் வளர்ந்த நான் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்துப் பரணில் கற்பூரத்தை எதிர்பார்க்காததால் மூக்கு அறிந்ததை மூளை ஏற்கவில்லை என்று நினைக்கிறேன்.

துருவின் வரைபடம்

அன்று மாலை சுருளைத் தரையில் விரித்து, 28 பைகளுக்கும் எண் போட்டு, துரு இருந்த கத்திகளைத் தாளில் குறித்தேன்: 5, 6, 8, 9, 10, 12, 13, கீழ்வரிசையில் 22, 23, 24, 27. ஒன்பதில் இருந்ததுதான் மிக மோசம். அதன் இரு பக்கமும் அடியும் துருப்பிடித்தது புரிந்தது. ஆனால் 7 தப்பியதும் 11 விடுபட்டதும் ஏன், அவற்றைத் தாண்டி 5, 6, 12, 13, 27 கெட்டது எப்படி என்று பிடிபடவில்லை.

பெரியவர்தான் தாளை எடுத்துச் சுருட்டிக் காட்டினார். சுருட்டினால் ஒன்பதாம் பைக்கு அடியில் ஆறு வருகிறது, மேலே பதின்மூன்று வருகிறது. விரித்த நிலையில் தள்ளித் தள்ளித் தெரிந்த துருக்களெல்லாம் சுருட்டிய நிலையில் ஒரே புள்ளியைச் சுற்றி நின்றன. 11-ஆம் பை காலி. ஏழில் இருந்தது, தவறுதலாக வாங்கிச் சேர்ந்துபோன பிற்காலத்துத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி. நான்காம் சுருளில் கெட்ட இரண்டும் பெட்டியில் மூன்றாம் சுருளை ஒட்டிய பக்கத்தில் இருந்தவை.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தகடு வெட்டக் கற்றுத் தந்தவருக்கு, தட்டையான தாளும் சுருட்டிய தாளும் ஒன்றல்ல என்பது உடனே தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் பையில் இருந்தது

இரண்டு அலகு கொண்ட சிறிய பேனாக்கத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆமை ஓட்டுப் பிடி என்று சொல்லி விற்றிருந்தார்கள், அவரும் அதற்கேற்ற விலை கொடுத்திருந்தார். உருப்பெருக்கியில் பார்த்தோம். உண்மையான ஆமை ஓட்டில் பழுப்பு நிறம் நுண்ணிய புள்ளிகளாகத் திரண்டிருக்கும். இதில் சாயம் கரைத்து இழுத்தது போலக் கோடு கோடாக ஓடியது. ஓரங்களில் சர்க்கரைப் பாகு உறைந்து வெடித்தது போன்ற நுண்விரிசல்கள். ஆணியைச் சுற்றிப் பிசுபிசுப்பு. செல்லுலாய்டு.

தந்தத்துக்கும் ஆமை ஓட்டுக்கும் மாற்றாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பொருள் இது: நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸ், அதைப் பதமாக்கக் கற்பூரம். அலெக்சாண்டர் பார்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1862 லண்டன் கண்காட்சியில் இதன் முன்னோடியைக் காட்டினார். வியாபார அளவில் வெற்றி கண்டது அமெரிக்காவின் ஹையட், 1870 வாக்கில். சீப்பு, பொம்மை, திரைப்படச் சுருள், கத்திப் பிடி என்று எல்லாவற்றிலும் புகுந்தது.

வயதானால் இது சிதையும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கசியும். காற்றில் உள்ள சொற்ப ஈரத்தோடு சேர்ந்தாலே போதும், அது நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் பக்கத்து எஃகைத் தின்பதோடு, செல்லுலாய்டையே இன்னும் வேகமாகச் சிதைக்கும். வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்தால் சுழற்சி முடுக்கம் பெறும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். பரண் சூட்டைத் தந்தது. அடைப்பை நாங்கள் தந்தோம்.

எல்லா செல்லுலாய்டும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. ஒளி ஊடுருவும் தேன் நிறத்தவையும் ஆமை ஓட்டுப் போலிகளும் முதலில் போகும். தந்தப் போலியில் வெண்மைக்காகச் சேர்த்த துத்தநாக ஆக்சைடு அமிலத்தைத் தணிப்பதால் அவை நெடுநாள் தாங்கும். இதை அறிந்தபின் 137-யும் மறுபடி பார்த்தோம். இன்னும் இரண்டு செல்லுலாய்டுப் பிடிகள் கிடைத்தன. ஒன்று தந்தம் என்று அவர் நம்பியிருந்தது. ரேகைகள் அச்சடித்தது போல நேராக, ஒரே இடைவெளியில் ஓடின. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் தெரியும் பின்னல் ரேகை எங்கும் இல்லை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையை யாரோ நினைவுபடுத்தினார்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும் பொருள். வேண்டாம் என்றேன்.

எதைத் தேய்ப்பது, எதை விடுவது

முதல் வேலை பிரிப்பது. மூன்று செல்லுலாய்டுக் கத்திகளையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, மூடி இறுகாத அட்டைப் பெட்டிகளில், வீட்டின் குளிர்ந்த பக்கத்தில் வைத்தோம். பிளாஸ்டிக் பெட்டி குப்பைக்குப் போனது. வாயு ஊறிய சுருள்துணி இரண்டும் கூட.

மிச்சம் பன்னிரண்டு துருப்பிடித்த கத்திகள். பேரன் தேய்த்த ஒன்றைக் கழித்தால் பதினொன்று. இங்கேதான் எனக்கும் பெரியவருக்கும் வாக்குவாதம். அவர் பட்டறைக்காரர், துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. எமரி என்ற உரைப்புப் பொடி, பிறகு குரோக்கஸ் பொடி, பிறகு கண்ணாடிப் பளபளப்பு என்று மனதுக்குள் வரிசை போட்டுவிட்டார். குரோக்கஸ் என்பது மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுப் பொடி, நல்ல ஷெஃபீல்டு அலகுகளின் கறுத்த கண்ணாடி மினுக்கம் அதில் வந்தது. அதைச் செய்தவர்கள் அந்த ஒரு வேலையிலேயே ஆயுளைக் கழித்தவர்கள். நாம் இன்று தேய்த்தால் வருவது வேறு மினுக்கம், அதோடு அலகும் மெலியும், முத்திரையும் ஆழம் குறையும் என்றேன். பேரன் தேய்த்த கத்தி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்கு மேல் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

ஏழு கத்திகளில் துரு மேலோட்டம். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைப் பிடியில் படாமல் அலகில் ஓட்டி முதலில் அமில உப்பைத் துடைத்தோம். பிறகு மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி இரண்டு நாள் விட்டோம். செந்துருவை மூங்கில் குச்சியாலும், பிடிவாதமான இடத்தில் பித்தளைத் துண்டாலும் சுரண்டினோம். எஃகைவிடப் பித்தளை மென்மை என்பதால் கீறாது. அடியில் இருந்த கரும்பழுப்புப் படலத்தைத் தொடவில்லை, அது நூறு வருடத்தின் நிறம். முத்திரைக் குழிகளுக்குள் பல்குத்தும் குச்சி மட்டும். கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவான ரெனேசான்ஸ் மெழுகு, மெல்லிய பூச்சு.

மற்ற நான்கில் குழி ஆழம். அவற்றில் துருவை நிறுத்துவது மட்டும்தான் இலக்கு. எண்ணெய், மெழுகு, அவ்வளவே. குழி குழியாகவே இருக்கும்.

பிடிகளில் எண்ணெய் படாமல் பார்ப்பதற்கே பாதி நேரம் போனது. மான்கொம்புப் பிடிகள் மட்டும் கொஞ்சம் பொறுக்கும். ஷெஃபீல்டுக்காரர்கள் விரும்பி வாங்கிய மான்கொம்பு இந்தியாவிலிருந்து போன மிளாவின் கொம்பு. அந்தச் சொரசொரப்பை விரலால் தடவும்போதெல்லாம், இது எந்தக் காட்டில் உதிர்ந்ததோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடும்.

உடைந்த வில்

ஒரு வாஸ்டன்ஹோம் கத்தி, மூன்று அலகு, அதில் சின்ன அலகு திறக்க மறுத்தது. நகக்குழியில் நகம் வைத்து இழுத்தேன், பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் என்று இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பேனாக்கத்தியின் உயிர் முதுகில் ஓடும் வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், இருக்கிறது. அலகு பாதி திறந்த நிலையில்தான் வில் அதிகம் வளையும். அலகின் அடியும் வில்லின் முனையும் துருவால் ஒட்டிக்கொண்டிருந்த நிலையில் அதே இடத்தில் நான் வலு கொடுத்தேன். வில் குறுக்கே முறிந்தது. நூறு வருடத்துக்கு மேல் உழைத்த வில்.

ஷெஃபீல்டில் இன்னும் ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்தும் கைவினைஞர்கள் சிலர் உண்டு, ‘லிட்டில் மெஸ்டர்’ என்பது அவர்களுக்கு ஊர் வைத்த பெயர். ஒருவரிடம் கொண்டுபோனோம். புது வில் அடித்துப் போடலாம், ஆனால் ஆணிகளைத் தட்டி எடுக்கும்போது பிடியின் முத்துச்சிப்பித் தகடு பிளக்கலாம் என்றார். எனக்கானால் போட்டுவிடுவேன் என்று இருந்தது, குற்ற உணர்ச்சி அப்படி. பெரியவர் வேண்டாம் என்றார். முறிந்த வில்லோடு, “உடைத்தவர்” என்று என் பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு அந்தக் கத்தி இருக்கிறது. அவர் அதை வேடிக்கையாக எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இறுகிய எந்த அலகையும் ஒரு வாரம் எண்ணெய் ஊற விடாமல் தொடவில்லை. திறந்தாலும் மயிரிழை மயிரிழையாக, முன்னும் பின்னும்.

தந்தப் பிடிகள்

மகளுக்கு, சிலவற்றை விற்று வீட்டில் மாடிப்படி மின்நாற்காலி போடலாம் என்று ஓர் எண்ணம். நல்ல நிலையில் இருந்தவற்றில் ஆறு தந்தப் பிடி. இங்கே சட்டம் குறுக்கே வந்தது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. விற்பனை பொதுவாகத் தடை. விலக்குகளில் ஒன்று, 1947-க்கு முன் செய்த பொருளில் தந்தம் கன அளவில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பதிவு செய்து விற்கலாம் என்பது. இரு பக்கமும் தந்தத் தகடு போர்த்திய சின்னப் பேனாக்கத்தியில் தந்தம் எவ்வளவு? அளந்து கணக்குப் போட்டோம். ஐந்து கத்திகள் வரம்பைத் தெளிவாகத் தாண்டின. ஆறாவது, தந்தம் சிறு பகுதியாக மட்டும் இருந்த பெரிய கத்தி, உள்ளே வந்தது. அதையும் விற்க அவருக்கு மனமில்லை.

விற்கத்தான் தடை. வைத்திருக்கலாம், பணம் வாங்காமல் பரிசாகக் கொடுக்கலாம், உயிலில் எழுதலாம். ஐந்தும் பேரப்பிள்ளைகள் பெயருக்குப் போயின. நாற்காலிக்கு மான்கொம்புப் பிடிகளில் சில விலை போயின, அவற்றின் துரு வரலாற்றை வாங்கியவரிடம் எழுத்தில் கொடுத்தோம்.

இப்போது

ஒன்பதாம் பைக் கத்தியின் பிடி அடுத்த குளிர்காலத்துக்குள் தானாகவே உதிர்ந்தது. துண்டுகளை உள்ளாட்சியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். அலகும் வில்லும், பிடிக்கு உள்ளே இருக்கும் உலோக உள்தகடும் மட்டும் எலும்புக்கூடாக இருக்கின்றன. மற்ற இரண்டு செல்லுலாய்டும் இதுவரை மோசமாகவில்லை.

நிறுத்திய துரு எதுவும் திரும்பவில்லை, ஒன்றைத் தவிர. ஆழமாகக் குழி விழுந்த ஒரு ராட்ஜர்ஸில், உள்தகட்டுக்கு உட்புறம், எண்ணெய் எட்டாத மூலையில் மறுபடி ஒரு செம்பழுப்புக் கோடு.

மீண்டும் செய்வதானால்

முதல் நாளே ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாக முகர்ந்து பார்ப்பேன். துரு எங்கே இருக்கிறது என்பதை எதையும் இடம் மாற்றுவதற்கு முன் குறிப்பேன். சுருட்டிய நிலையிலேயே ஒரு படம் எடுப்பேன், ஏனென்றால் பிரித்த பிறகு பாதிச் சாட்சியம் போய்விடுகிறது. காரணம் தெரியும்வரை எதையும் அடைத்து வைக்க மாட்டேன். துரு இருந்த சுருளோடு துரு இல்லாததைச் சேர்த்து வைத்தது, இந்த விவகாரத்தில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று.

பட்டியலில் இப்போது ஒவ்வொரு கத்திக்கும் முத்திரையின் நெருக்கப் படம் இருக்கிறது. பேரன் அழித்த முத்திரைக்கும் ஒரு படம் கிடைத்தது. பெரியவர் பல வருடம் முன்பு, வாங்கிய அன்று, பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்து, ரசீதோடு செருகி வைத்திருந்தார். சிலுவையின் எட்டு முனையும் தெரிகிறது.

சுருள்களுக்குப் பதிலாக இழுப்பறைகள் வந்துவிட்டன, பின்பக்கம் காற்றுத் துளை விட்டவை. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திறந்து முகர வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரியவருக்கு வாடை அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் அந்த வேலை பேரனிடம் இருக்கிறது.